சுயம்பு நூலகம்

காஞ்சிபுரத்தில் எதைக் கட்டினாலும் கட்டியவர் பெயர் நிலைத்துவிடும். கோபுரம் கட்டியவர், குளம் வெட்டியவர், குளத்துக்குப் படி வைத்தவர், அந்தப் படியில் வழுக்கி விழாமல் இருக்கக் கம்பி போட்டுக் கொடுத்தவர் என்று எல்லாருடைய பெயரும் எங்காவது ஒரு கல்லில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் யாருமே கட்டாமல் ஒரு கட்டடம் தானாக எழுந்து நின்ற அற்புதம் பல்லவர் காலத்தில்கூட நடந்ததாகத் தெரியவில்லை. அது நம் காலத்தில், செவிலிமேட்டுக்குப் போகிற சாலையில் நடந்தது. அறிவுச்சோலை நூலகம் என்று அதற்குப் பெயர். லிங்கம் சுயம்புவாகத் தோன்றிய ஊரில் நூலகம் சுயம்புவாகத் தோன்றக் கூடாது என்று சட்டமா இருக்கிறது? இதை நாமாகச் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற உயர் அதிகாரி கலியாணசுந்தரம் தலைமையிலான உண்மை கண்டறியும் குழு, பல மாதம் ஆராய்ந்து, பல கிலோ முந்திரி பக்கோடாவைத் தீர்த்துவிட்டு, முத்திரை குத்திச் சொன்னது.

அந்த அற்புதத்தை மிக அருகில் இருந்து தரிசித்த பாக்கியம் நூலகர் தையல்நாயகிக்குக் கிடைத்தது. அருகில் என்றால், நேர் கீழே.

தையல்நாயகி பிள்ளையார்பாளையத்துத் தறிக்குடும்பத்துப் பெண். கணவர் வீரபாகு இன்றும் வீட்டில் பட்டு நெய்கிறவர். தறிக்கு ஆர்டர் வந்தால் வரும், வராவிட்டால் வராது; மாதம் பிறந்தால் தவறாமல் வருவது தையல்நாயகியின் சம்பளம் ஒன்றுதான். வீட்டு அடுப்பு அதை நம்பித்தான் எரிந்தது. அந்த வேலைக்கே உலை வைக்கப் போகிற கட்டடம் இது என்று தெரிந்திருந்தால், திறப்பு விழாவன்று அவ்வளவு பெரிய கோலம் போட்டிருக்க மாட்டாள்.

கட்டடம் 'தோன்றிய' விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். நூலகம் வரப்போகிறது என்றதும் அறிவுப் பசியோடு இரண்டு பேர் முன்வந்தார்கள். ஒருவர் திருப்புட்குழி மாணிக்கவேல், ஆளுங்கட்சி. இன்னொருவர் கூரம் சரத்குமார், கூட்டணிக் கட்சி. இரண்டு பேருக்கும் நிலம் இருந்தது, டிராக்டர் இருந்தது, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை இருந்தது. ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை மட்டும் இல்லை. ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவர் கோபித்துக்கொள்வார். கூட்டணி என்ன ஆவது? ஆகவே சுவர் மாணிக்கவேலுக்கு, தூணும் கூரையும் சரத்குமாருக்கு என்று பாகம் பிரித்தார்கள்.

அடிக்கல் விழாவில் ஒரு பேச்சாளர் இதற்குத் தத்துவ விளக்கம் கொடுத்தார்.

"நம்ம காஞ்சிப் பட்டுல உடல் ஒரு கலர், கரை ஒரு கலர். ரெண்டையும் சேத்து நெய்யறோமே, அதுக்கு இன்னா பேரு? கோர்வை! புடவை நைஞ்சாலும் கரை பிரியுமா? பிரியாது! அதே மாதிரிதான் இந்த நூலகம். சுவர் ஒருத்தர், கூரை ஒருத்தர். இதுதான் காஞ்சி மாடல்!"

கைத்தட்டல் ஏகாம்பரநாதர் கோபுரத்துப் புறாக்களை எழுப்பிவிட்டது. கடைசி வரிசையில் இருந்த தையல்நாயகிக்கு மட்டும் ஒரு சின்ன உறுத்தல். கோர்வை போடுகிற இரண்டு பேரும் ஒரே தறியில், ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் இந்தப் பக்கத்து ஆள் இழையைக் கோக்க, அந்தப் பக்கத்து ஆள் வாங்க வேண்டும். ஒருவர் திங்கட்கிழமை வந்து உடலையும், இன்னொருவர் வெள்ளிக்கிழமை வந்து கரையையும் நெய்துவிட்டுப் போனால் அதற்குப் பெயர் கோர்வை இல்லை. ஆனால் அடிக்கல் விழாவில் நூலகர் எழுந்து சந்தேகம் கேட்கும் வழக்கம் நம்மிடம் கிடையாது. அவளும் கைத்தட்டினாள்.

சரத்குமார் தூண் நிறுத்திக் கூரை போட்டுவிட்டுப் போனார். மாணிக்கவேல் வந்து சுவர் எழுப்பினார். சுவர் கூரையைத் தொடுவதற்கு இரண்டு விரல் கடை இருக்கும்போது அவர் கணக்கில் செங்கல் தீர்ந்துவிட்டது. கூரையைத் தொடுவது சுவரின் கடமையா, சுவரைத் தொடுவது கூரையின் கடமையா என்று இருவரும் பேசித் தீர்த்திருக்கலாம். அவர்கள்தான் பேசிக்கொள்வதில்லையே. யாரோ ஒரு புண்ணியவான் அந்தச் சந்தில் காலி சிமெண்ட் சாக்கைத் திணித்து, மேலே பூசி, வெள்ளை அடித்துவிட்டான். திறப்பு விழா ஜாம் ஜாமென்று நடந்தது.

ஐப்பசி பிறந்தது. காஞ்சி மாடல் தன் கைவரிசையைக் காட்டியது. மொட்டை மாடியில் தேங்கிய மழைநீர் விளிம்பில் வழிந்து சாக்கை நனைத்து, நான்கு சுவர் ஓரமாகவும் வரிசை தப்பாமல் இறங்கியது. நடு ஹாலில் ஒரு சொட்டு கிடையாது. புடவைக்குக் கரை போட்டது போல ஓரம் மட்டும் ஒழுகியது. துரதிருஷ்டவசமாகப் புத்தக அலமாரிகளும் ஓரத்தில்தான் இருந்தன.

இந்த இடத்தில் தையல்நாயகி ஒரு பெரிய தவறு செய்தாள். வேறு ஊர் நூலகராக இருந்திருந்தால், "ஐயோ, ஒழுகுதே!" என்று கத்திவிட்டு, நனைந்த புத்தகங்களை வாசலில் குவித்து, ஊரைக் கூட்டியிருப்பார். அவளுக்கு அது தோன்றவில்லை. தறிக்காரர் வீட்டில் மழை வந்தால் முதல் வேலை பாவு நூலை மூடுவது. தறியில் ஏற்றியிருக்கும் பட்டு நூல் நனைந்தால் குடும்பமே நனைந்தது போலத்தான். பாய் நனையலாம், அரிசி நனையலாம், மாப்பிள்ளை நனையலாம், பாவு நனையக் கூடாது. சிறு வயதிலிருந்தே கைக்குப் பழகிய வேலை. வீட்டில் தறிக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் தாளைக் கொண்டுவந்து அலமாரிகளுக்குப் போர்த்தினாள். பெயின்ட் பக்கெட், குளிக்கிற பக்கெட், சாயம் காய்ச்சுகிற பழைய அண்டா என்று வீட்டிலிருந்து எதெல்லாம் வருமோ எல்லாவற்றையும் சுவரோரம் வரிசையாக வைத்தாள். ஒரு புத்தகம்கூட நனையவில்லை. அவளுடைய கெட்ட காலம் அங்கேதான் ஆரம்பித்தது.

கட்டடத்துக்குப் பொறுப்பான உதவிப் பொறியாளர் விக்னேஷுக்கு அவள் போன் செய்தபடியே இருந்தாள். விக்னேஷ் நல்ல பையன், போனை எடுப்பான்.

"சார், லைப்ரரி ஒழுகுது சார்."

"மேடம், நான் போன வாரமே சைட் விசிட் வந்தேனே. லீக்கேஜ் எதுவும் இல்லையே."

"போன வாரம் வெயிலடிச்சுது சார். மழை பெய்யும்போது வந்து பாருங்க."

"மழையில எப்படி மேடம் வர்றது? ரோடெல்லாம் தண்ணி நிக்குதே."

இரண்டாவது வருட மழையில் தெய்வாதீனமாக விக்னேஷ் வந்தே விட்டான். வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. குறை இருந்தால் கட்டியவர்களே சொந்தச் செலவில் சரிசெய்து தர வேண்டிய காலக்கெடு அந்த மாதத்தோடு முடிந்தது. தையல்நாயகி வாசலுக்கே ஓடிப்போய் அவனை அழைத்து வந்தாள்.

"பாருங்க சார். எல்லாப் பக்கெட்டும் ரொம்பிக்கினு இருக்குது."

விக்னேஷ் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தான். "ஃப்ளோர் டிரையா இருக்குதே மேடம்?"

"தண்ணி பக்கெட்டுல விழுதே சார்."

"அப்போ ஃப்ளோர்ல விழல."

"விழல."

"புக்ஸ் ஏதாவது நனைஞ்சிருக்குதா?"

"நனைய வுடுவேனா சார்? மூடி வெச்சிருக்கேன் இல்ல."

"சூப்பர் மேடம்! அப்போ டேமேஜ் ஜீரோ." இரு கட்டை விரலாலும் செல்போனில் தட்டினான். 'மழையின்போது நேரில் ஆய்வு செய்யப்பட்டது. சுவரோரம் வாளிகள் உள்ளன. பாதிப்பு இல்லை.' தட்டி முடித்துவிட்டு, திரும்பிப் போகக் குடை கேட்டான். அவள் தன் குடையைக் கொடுத்தாள். அது இன்றுவரை திரும்பி வரவில்லை.

மூன்றாவது மழைக்காலத்தில் சுவர்ப்பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. ஒரு பாளம் செய்தித்தாள் மேஜைமேல் விழுந்தது. அன்று யாரும் நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்ள வராததால் உயிர்ச்சேதம் இல்லை. நூலகத்தைப் பூட்டினார்கள். குரூப் தேர்வுக்காகத் தினமும் வந்து படிக்கிற துளசி, "நான் எங்கக்கா போய்ப் படிப்பேன்?" என்று பூட்டைப் பார்த்துக் கேட்டாள். பழுதுபார்க்கத் திட்டம் போட்டார்கள். கட்டிய செலவைவிடப் பழுதுபார்க்கிற செலவு அதிகமாக வந்தது. 'இதற்கு யார் பொறுப்பு?' என்று ஒரு பத்திரிகை எழுதிவிட்டது. இப்படிப்பட்ட அசிங்கமான கேள்விகள் எழும்போது அவற்றை மரியாதையாக அடக்கம் செய்வதற்குத்தான் குழு என்று ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

கலியாணசுந்தரம் நேர்மைக்குப் பெயர் போனவர். நெற்றி நிறைய விபூதி, வழுக்கை நிறைய வெளிச்சம். விசாரணையன்று மாணிக்கவேலும் சரத்குமாரும் அறையின் இரண்டு கோடியில் அமர்ந்தார்கள். நடுவே ஒரு ஸ்டூலில் தையல்நாயகி.

"சுவரில் குறை உண்டா?" என்று ஆரம்பித்தார் கலியாணசுந்தரம்.

"இன்னா சார் இப்படிக் கேட்டுட்டீங்க?" என்றார் மாணிக்கவேல். "சுவரு எங்கனா ஒழுகுமா சார்? ஒழுகறது கூரை வேலை. என் சுவரைத் தட்டிப் பாருங்க, கணீர்னு இருக்கும்."

"கூரையில் குறை உண்டா?"

"கூரைக்கு நடுவுல ஒரு சொட்டு விழுதான்னு அந்தம்மாவயே கேளுங்க சார்," என்றார் சரத்குமார். "விழுதாம்மா?"

"நடுவுல விழல சார். ஓரத்துலதான்."

"ஓரத்துல இன்னா சார் இருக்குது? சுவரு! அது அவரு சமாச்சாரம்."

"என் சுவரு ரெண்டு விரல் கீழயே முடிஞ்சுபோச்சு சார். அதுக்கு மேல எனக்கு வேலை கிடையாது."

"என் கூரை ரெண்டு விரல் மேலயே நின்னுபோச்சு. அதுக்குக் கீழ எனக்கு வேலை கிடையாது."

கலியாணசுந்தரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியானால் நடுவில் இருக்கிற அந்த இரண்டு விரல்?"

பக்கோடா தட்டுகூடச் சத்தம் போடவில்லை.

"அது காத்து சார்," என்றார் மாணிக்கவேல்.

"வெறும் காத்து," என்றார் சரத்குமார். வாழ்க்கையில் முதன்முறையாக இருவரும் ஒரே கருத்தைச் சொன்னார்கள். கூட்டணி தர்மம் தழைத்ததைக் கண்டு குழுவின் கண்கள் பனித்தன.

குழு நீதி தவறாமல் யோசித்தது. சுவர் பழுதில்லை. கூரை பழுதில்லை. இடையில் இருப்பதை யாரும் கட்டவில்லை. கட்டாத ஒன்றில் கட்டுமானக் குறை எப்படி இருக்க முடியும்? ஆக, அந்த இரண்டு விரல் இடம் எவராலும் கட்டப்படாமல் தானே உண்டானது. இவ்வளவும் பிசிறில்லாமல் வந்தது. ஆனால் சுவர் ஊறிப்போனது கண்ணுக்குத் தெரிகிறதே, அதற்கு ஏதாவது காரணம் வேண்டும்.

"சுவரோரம் வாளிகள் இருந்ததாக ஆய்வுக் குறிப்பில் இருக்கிறதே, யார் வைத்தது?"

"நான்தான் சார்," என்றாள் தையல்நாயகி. இவ்வளவு நேரத்தில் அங்கே யாராவது 'நான்தான்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். பொறுப்பைத் தேடிக் களைத்தவர்களுக்கு அது கிடைத்துவிட்டது.

"வாளியில் தண்ணீர் இருந்ததா?"

"ரொம்பி வழிஞ்சுது சார்."

"எங்கிருந்து வந்தது?"

"மழைத் தண்ணி சார்."

"மழை வெளியேதானே அம்மா பெய்தது?"

"வெளிய பெஞ்சு உள்ள ஒழுகுச்சு சார்."

"உள்ளே பாதிப்பு இல்லை என்று பொறியாளர் மழையிலேயே வந்து பார்த்துச் சான்று கொடுத்திருக்கிறாரே?" கலியாணசுந்தரம் மிகுந்த கருணையோடு அவளைப் பார்த்தார். "நீர் நிரம்பிய வாளிகளை மாதக்கணக்கில் சுவரை ஒட்டி வைத்தால் சுவர் அந்த ஈரத்தை உறிஞ்சாதா அம்மா?"

அறிக்கை பட்டு நூலால் கட்டப்பட்டு வெளிவந்தது. ஒழுகாத கட்டடத்தில் நூலகர், எவருடைய அனுமதியும் இன்றி வாளிகள் வைத்து, ஒழுகுவது போன்ற தோற்றத்தை உண்டாக்கி, சுவர்களுக்கு ஈரம் ஏற்றி, அரசுக்குப் பெரும் செலவு வைத்துவிட்டார். இனி நூலகத்துக்குள் எழுத்துமூல உத்தரவின்றி வாளி, அண்டா, பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றைக் கொண்டுவரக் கூடாது. அறிக்கையின் வாலைப் பிடித்துக்கொண்டு, 'உங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது' என்று அவளுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் வந்தது. அரசு ஊழியர் வீடுகளில் அதை '17 பி' என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் அழுகிற குழந்தைகூட வாயை மூடிக்கொள்ளும். வேலையே போனாலும் போகலாம்.

வீட்டில் வீரபாகு தறியை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துக்கினு இருக்கற?"

அவள் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "புக்கெல்லாம் நனையட்டும்னு வுட்டிருந்தா இன்னிக்கி எனக்கு அவார்டு குடுத்திருப்பாங்க. காப்பாத்தினேன் பாரு, அதுக்குத்தான் இது."

வீரபாகு தறியில் அறுந்திருந்த ஓர் இழையை எடுத்து முடிந்தார். பிறகு, "திரும்பத் திறக்கறப்ப மழை வந்தா புக்குக்கு இன்னா பண்ணுவ? மூடவும் கூடாதுன்ட்டாங்களே," என்றார்.

"அதான் தெரியல."

"தறியக் குழியோட நட்டுட்டோம், நகத்த முடியாது. அதனால மூடறோம். உன் அலமாரிய நகத்தலாம் இல்ல?"

தையல்நாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சீரமைப்புப் பணி யாருக்கு? அந்தக் கட்டடத்தைப் பற்றி முன் அனுபவம் உள்ளவர்களுக்கே முன்னுரிமை என்று முடிவானது. அப்படி இரண்டு பேர்தான் இருந்தார்கள். சுவர் மாணிக்கவேலுக்கு, கூரை சரத்குமாருக்கு. சுவரில் பளிங்கு ஓடு, கூரையில் அலங்கார விளக்கு, வாசலில் இரண்டு அன்னப்பறவை. இரண்டு விரல் சந்தை இந்த முறை யாரும் அலட்சியப்படுத்தவில்லை. தெர்மாகோல் வைத்து அடைத்து, ஹாலைச் சுற்றிலும் அதன்மேல் தங்க நிறத்தில் ஜரிகைக்கரை போலவே பெயின்ட் அடித்தார்கள். பார்த்தவர்கள் மலைத்துப் போனார்கள்.

மறுதிறப்பு விழாவை ஐப்பசியில் வைத்தார்கள். நல்ல முகூர்த்தம் அப்போதுதான் இருந்தது. விழாவுக்கு முன்தினம் தையல்நாயகி ஆள் வைத்து அலமாரிகள் எல்லாவற்றையும் நடு ஹாலுக்கு நகர்த்தினாள். அவை இருந்த இடத்தில், நான்கு சுவரையும் ஒட்டி, விருந்தினர்களுக்குச் சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் போட்டாள். கலியாணசுந்தரம் வந்து பார்த்துப் பூரித்துப் போனார்.

"புத்தகங்கள் நடுநாயகமாக! நாமெல்லாம் அவற்றைச் சுற்றிலும் அடக்கமாக! இதுதான் அம்மா பண்பாடு!"

"எல்லாம் உங்க அறிக்கையப் படிச்சப்புறம் வந்த புத்தி சார்," என்றாள் அவள்.

தலைமை விருந்தினர், சட்டையில் பேட்ஜும் முகத்தில் புன்னகையும் குத்திக்கொண்டு வந்த மக்கள் பிரதிநிதி, குத்துவிளக்கு ஏற்றினார். பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. 'பொறுப்புணர்வு' என்ற தலைப்பில் கலியாணசுந்தரம் பேசிவிட்டு அமர்ந்தபோது வெளியே வானம் இருட்டியது. பிறகு கொட்டியது. சற்று நேரத்தில் ஜரிகைக்கரை உப்பியது. முதல் சொட்டு குறி தவறாமல் கலியாணசுந்தரத்தின் வழுக்கையில் விழுந்தது.

அவர் அண்ணாந்து பார்த்தார். இரண்டாவது சொட்டு மூக்குக் கண்ணாடியில் விழுந்தது.

"என்னங்க இது?" என்றார் தலைமை விருந்தினர், தோளைத் தடவிக்கொண்டு.

"ஏசி தண்ணி சார்," என்றான் விக்னேஷ்.

"ஏசி எங்கப்பா இருக்குது?"

"அடுத்த ஃபேஸ்ல வருது சார்."

அதற்குள் நான்கு சுவர் ஓரமும் சீராக இறங்க ஆரம்பித்துவிட்டது. நடுவில் நூல்கள் சௌக்கியமாக இருந்தன. அவற்றின் நிழலில் ஒரு ஸ்டூல் போட்டுத் துளசி படித்துக்கொண்டிருந்தாள். எழுந்து நடுவுக்கு வந்தால் நனையாமல் இருக்கலாம் என்று விருந்தினர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் எழுந்தால் ஒழுகுகிறது என்று ஒப்புக்கொண்டதாகும். ஒழுகவில்லை என்று சான்று கொடுத்தவர், முத்திரை குத்தியவர், இரண்டு தடவை கட்டியவர், இரண்டு தடவை திறந்தவர் எல்லாரும் அங்கே இருந்தார்கள். யார் முதலில் எழுவது? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, நனைந்தார்கள். இப்படிப்பட்ட கட்டுப்பாட்டை ராணுவத்தில்தான் பார்க்க முடியும்.

மாணிக்கவேலும் சரத்குமாரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஆரம்பத்தில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். தண்ணீர் பின்கழுத்து வழியாகச் சட்டைக்குள் போனதும் மாணிக்கவேல் தன் பொன்னாடையை அவிழ்த்துத் தலைக்குமேல் பிடித்தார். ஒரு முனை தொங்கியது. சரத்குமார் மறு பேச்சில்லாமல் அந்த முனையைப் பிடித்துக்கொண்டார். இவர் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம், நடுவில் இடைவெளியே இல்லை. காஞ்சி மாடல் என்றால் என்ன என்று தையல்நாயகி அன்றுதான் கண்ணால் பார்த்தாள்.

கடைசியில் கலியாணசுந்தரம்தான் பொறுக்க மாட்டாமல் வாய் திறந்தார். விபூதி கரைந்து மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, அந்த வாளி ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்களேன்!"

"கூடாதுன்னு அறிக்கையில இருக்குதே சார். உள்ள வெச்சா சுவரு ஈரத்தை இழுத்துக்கும்."

"அறிக்கை கிடக்கட்டும்மா! எடுத்துக்கினு வா!" நேர்மையாளர் வாயிலேயே ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"எழுத்து மூலமா குடுங்க சார். 'ஒழுகறதால பக்கெட் வைக்கவும்'னு ஒரு வரி போதும். உடனே கொண்டாரேன்."

கலியாணசுந்தரம் விக்னேஷைப் பார்த்தார். விக்னேஷ் தலைமை விருந்தினரைப் பார்த்தான். தலைமை விருந்தினர் குத்துவிளக்கைப் பார்த்தார். அது எப்போதோ அணைந்திருந்தது. நன்றியுரை, நாட்டுப்பண் வரை எல்லாரும் கம்பீரமாக நனைந்தார்கள். நாட்டுப்பண்ணுக்கு மட்டும் எழுந்தார்கள். ஒரு சொட்டுக்கும் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

அடுத்த வாரம் தையல்நாயகிக்கு இன்னொரு 17 பி வந்தது. பிரித்தாள். ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

வீரபாகு பயந்துபோய்த் தறிக்குழியிலிருந்து ஏறி வந்தார். "இன்னாத்துக்குச் சிரிக்கற? வேலைய வுட்டே தூக்கிட்டாங்களா?"

"இதக் கேளு. 'நூலகக் கட்டடத்தில் எந்தெந்த இடத்தில் மழைநீர் ஒழுகும் என்பதை நன்கு அறிந்திருந்தும், அதே இடங்களில் சிறப்பு விருந்தினர்களுக்கு நாற்காலிகள் இட்டு…' ஒழுகுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு சீலும் குத்திட்டாங்கய்யா! மூணு மழையா நான் தொண்டத் தண்ணி வத்தக் கத்தினேன். இப்ப அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க!"

அன்றே பதில் எழுதினாள். 'முதல் குறிப்பாணையின்படி கட்டடம் ஒழுகவில்லை. இரண்டாவதன்படி ஒழுகுகிறது. இரண்டில் எது உண்மை என்று தெரிவித்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் விளக்கம் அளிக்கப் பணிவுடன் காத்திருக்கிறேன்.' நான்கே நாளில் இரண்டு குறிப்பாணைகளும் 'நிர்வாகக் காரணங்களுக்காக' வாபஸ் பெறப்பட்டன. வீட்டு அடுப்பு தப்பியது. பக்கெட்டுகள் நூலகத்துக்குத் திரும்பி வந்தன.

இத்துடன் துறை சும்மா இருந்துவிட்டது என்று நினைத்தால் அதன் பொறுப்புணர்வைக் குறைத்து மதிப்பிட்டதாகும். 'மழைநீர் ஒழுகும்' என்ற வாக்கியம் அரசாங்கத் தாளில் ஏறிவிட்டதே! இதற்கு யார் பொறுப்பு? அவசர விசாரணை நடந்தது. நனைந்த கோபத்தில் தாமே வரைவு எழுதிக் கொடுத்த கலியாணசுந்தரத்துக்கு அன்று சளிக் காய்ச்சல், நிதானத்தில் இல்லை. கையெழுத்திட்ட அதிகாரி வழக்கம் போலப் படிக்கவில்லை. இருவருக்கும் நடுவில் இருந்தது தட்டச்சர் மஹாலட்சுமி ஒருத்திதான். "நீதான் அடிச்சியா?" என்று கேட்டார்கள். "நான்தான் சார்," என்றாள் அவள், விவரம் தெரியாமல்.

மஹாலட்சுமிக்கு 17 பி போய்விட்டது. குழு போட்டுப் பல மாதம் தேடியும் கட்டடத்தைக் கட்டியவரைக் கண்டுபிடிக்க முடியாத துறை, அது ஒழுகுகிறது என்று எழுதியவரை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டது. நிர்வாகம் தூங்குகிறது என்று இனி யாராவது சொல்லட்டும், பார்க்கலாம்.